பூஜைக்கு முன்னால் பிரிக்கக் கூடாது

செப்டம்பர் 9, செவ்வாய்

தனசேகர் ஏழு லட்சம் போட்டு மெஷின் வாங்கியிருக்கிறான். லேசர் மெஷினாம். வெளிச்சத்தைக் காட்டினால் இரும்பில் இருக்கிற துரு அப்படியே ஆவியாகிப் போய்விடுமாம். பாங்கில் கடன் வாங்கி, குறிச்சியில் அவன் பட்டறைக்கு முன்னால் பந்தல் போட்டு, ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டான். பெண்டாட்டியின் தம்பி ஆயிற்றே, போகாமல் இருக்க முடியுமா? போனேன். கேசரியில் நெய்யே இல்லை.

ஒரு துருப்பிடித்த தகட்டை வைத்துக் காட்டினான். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பெரிய விஞ்ஞானி மாதிரி நின்றான். கோடு கோடாக இரும்பு வெளுத்தது. எழுந்த கொஞ்சநஞ்சப் புகையையும் பக்கத்தில் ஒரு குழாய் இழுத்துக்கொண்டது. மரகதம் அதை விட்டு நகரவே இல்லை. "தம்பி, இன்னொருக்கா காட்டு" என்று மூன்று தடவை கேட்டாள். "தூசியே வரலியே சாமி" என்றாள். தம்பி வாங்கியது என்றால் இவளுக்கு எல்லாமே அதிசயம். கோயமுத்தூர் கணபதியில் என் பட்டறையில் எத்தனை ஓட்டை லேத் மெஷினைப் புதுசு மாதிரி ஆக்கி விற்றிருக்கிறேன். ஒருநாள் இப்படி வாயைப் பிளந்து பார்த்திருக்கிறாளா?

திரும்பும்போது பஸ்ஸில் இருமிக்கொண்டே வந்தாள். பந்தலில் ஐஸ்கிரீம் தின்றாள் அல்லவா.

செப்டம்பர் 12, வெள்ளி

மரகதத்தை நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டியதாயிற்று. நான்கு மணி நேரம் காத்திருந்தோம். எக்ஸ்ரேயை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன வேலைம்மா பாக்கறீங்க?" என்றார்.

"இவரு பட்டறையில இரும்புல துரு தேய்க்கறனுங்க. ஆசிட்டு போட்டு, கம்பி பிரஷ்ல."

"எத்தன வருசமா?"

"வேலைக்கு இருந்த ஆளு நின்னதுல இருந்துங்க. ஆறு வருசம் இருக்கும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "இது சளி இல்லீங்க. தூசி உள்ள படிஞ்சிருக்கு. இனிமே இவங்க அந்தப் பக்கமே போகக் கூடாது. ஒரு நாள்கூட." உறிஞ்சுகிற மருந்து ஒன்று எழுதிக் கொடுத்தார்.

தூசி இல்லாத பட்டறை எங்கே இருக்கிறது? அவர் கிளினிக் வாசலிலேயே ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். டாக்டர்கள் எப்போதும் ஒன்றுக்கு நான்காகத்தான் சொல்வார்கள்.

நான் தேய்க்கலாம்தான். எனக்கு வலது தோள்பட்டை தூக்க வராது. தவிர, கியர் மாட்டுவது, பெயிண்ட் அடிப்பது, பார்ட்டியிடம் பேசுவது எல்லாம் யார் செய்வது? அவிநாசி குமரேசனின் எட்டடி லேத் வேறு வந்து இறங்கியிருக்கிறது. மூடிப்போன மில்லில் மழையில் கிடந்தது. துரு சும்மா தொட்டாலே உதிர்ந்து கைக்கு வருகிறது. விஜயதசமிக்குப் புது ஷெட் திறக்கிறான், அதற்குள் பளபளவென்று வேண்டுமாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார்!

போனில் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். தனசேகர் வாங்கினானே, அதே மெஷின். அதே மாதிரி கைப்பிடி, அதே நீல வெளிச்சம். ஒரு வெள்ளைக்காரன் துருப்பிடித்த செயினை இப்படிக் காட்டி அப்படி எடுக்கிறான், வெள்ளி மாதிரி மின்னுகிறது. விலை எட்டாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. கிடங்கை மூடுகிறார்களாம், அதனால் தள்ளுபடியாம். பதினைந்து நிமிடம்தான் சலுகை என்று கீழே கடிகாரம் ஓடியது. டீ குடித்துவிட்டு வந்து திறந்தால் மறுபடியும் பதினைந்து நிமிடம் காட்டியது. நமக்கு இருக்க வேண்டும் என்றிருந்தால் யார் தடுக்க முடியும்?

வாங்கியவர்கள் எழுதியதையும் படித்தேன். 'இது துருவை நல்லது சாப்பிடுகிறது. என் கணவர் மகிழ்ச்சி ஆகிறது' என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். வடநாட்டுக்காரர்களாக இருக்கும். பாவம், நம் பாஷையில் எழுத இவ்வளவு சிரமப்பட்டிருக்கிறார் என்றால் மனசுக்குப் பிடித்துத்தானே எழுதியிருப்பார்.

மரகதத்திடம் காட்டினேன். "ஏழு லட்சத்து மெஷின எட்டாயிரத்துக்கு எப்படிங்க குடுப்பாங்க?" என்றாள்.

"அப்படிக் கேளு. உன்ற தம்பி ஏமாந்திருக்கான்னு அர்த்தம். எட்டாயிரத்துச் சாமான ஏழு லட்சத்துக்கு அவந்தலைல கட்டியிருக்காங்க."

"ஏனுங்க, அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"அவன்கிட்டக் கேட்டு நான் பொழப்பு நடத்தணுமா? உனக்காகத்தான் வாங்கறேன். தூசி ஆகாதுன்னு டாக்டரு சொன்னாருல்ல?"

பணத்தை முன்கூட்டியே கட்டினால் இன்னும் ஐந்நூறு குறையும் என்று போட்டிருந்தார்கள். கட்டிவிட்டேன்.

குறிச்சிக்காரனின் மூஞ்சியைப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 18, வியாழன்

பார்சல் வந்துவிட்டது. நான் குமரேசனுக்குப் போன் பேசிக்கொண்டிருந்தேன். மரகதம்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். ஒரு கையில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"எடையே இல்லீங்களே" என்றாள்.

வந்ததும் வராததுமாக முதல் வார்த்தை அது. புதுச் சாமான் வீட்டுக்குள் வரும்போது வாயில் வேறு நல்ல வார்த்தை இல்லையா? "புது டெக்னாலஜி. எடை இருந்தாத்தான் மெஷினா? டிவி அந்தக் காலத்துல எவ்வளவு கனம், இப்ப பாரு" என்றேன்.

அட்டையில் 'தோட்டக் கருவி' என்று ஒட்டியிருக்கிறது. வரிக்காக அப்படிப் போடுவார்கள்.

அவள் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தாள். தடுத்துவிட்டேன். மகாளய பட்சம் நடக்கிறது. செத்தவர்களுக்கான நாள். புதுசு எதையும் தொடக்கூடாது. எங்கப்பன் காலத்திலிருந்து எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. புது மெஷின் எப்போது வந்தாலும் ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்து, அப்புறம்தான் சுவிட்சைப் போடுவோம். இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. அதற்குள் என்ன அவசரம்?

"ஏழு நாளைக்குள்ள திருப்பலாம்னு சீட்டுல எழுதியிருக்குங்க. பிரிச்சுப் பாத்துட்டு, மறுபடி மூடி வெச்சுக்கலாமே" என்றாள்.

"சாமி காரியத்துல விளையாடாத."

பெட்டியை சாமி படத்துக்குக் கீழே வைத்தாயிற்று.

செப்டம்பர் 19, வெள்ளி

லேத்தின் அடிப்பாகத்தில் பாதி முடித்துவிட்டாள். ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொள்ளச் சொன்னேன். பெட்டிதான் வந்துவிட்டதே, இதுதான் கடைசி லேத் என்றும் சொன்னேன்.

செப்டம்பர் 20, சனி

புரட்டாசிச் சனிக்கிழமை. கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் பட்டறை வாசலில் தனசேகரின் கார். அக்காவைப் பார்க்க வந்தானாம். டாக்டர் சொன்னதை இவள் போனில் ஒப்பித்துவிட்டாள் போலிருக்கிறது.

"மாமா, அந்த லேத்த எங்கிட்ட அனுப்பிருங்க. ஒரு மத்தியானத்துல முடிச்சுத் தந்தர்றேன். காசெல்லாம் வேண்டாமுங்க. அக்கா இனிமே பிரஷ்ஷத் தொடக் கூடாது" என்றான்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. நாளைக்குக் கோயமுத்தூர் பூராவும் என்ன பேசுவார்கள்? அங்கமுத்துவுக்கு மச்சினன்தான் சோறு போடுகிறான் என்பார்கள். குமரேசன் அடுத்த வேலையை நேராகக் குறிச்சிக்கே கொண்டு போவான்.

"எனக்கும் மெஷின் வந்துருச்சு மாப்ள. உனக்கு ஆன செலவுல நான் எண்பது வாங்குவேன்" என்று பெட்டியைக் காட்டினேன்.

அவன் பெட்டியைப் பார்த்தான். சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். சிரித்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். "மாமா, என்ற மெஷின இறக்க நாலு ஆளு வேணும். இது செருப்பு டப்பா மாதிரி இருக்குதுங்க. இப்பவே பிரிச்சுருங்க, நான் பேசித் திருப்பி அனுப்பறேன்."

"பூஜைக்கு முன்னால பிரிக்கறதில்ல."

"சாமி கோவிச்சுக்காதுங்க மாமா."

"எனக்குச் சாமியப் பத்திச் சொல்லித்தர வேண்டாம். பூஜையன்னைக்கு வா. உன்ற கையாலதான் பிரிக்கப் போறே. ஊரே பாக்கட்டும்."

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் தலை குனிந்து, துரு தேய்க்கிற எமரி ஷீட்டைக் கிழித்துக்கொண்டிருந்தாள். போகும்போது நல்ல முகமூடி நாலு வைத்துவிட்டுப் போனான். அவற்றைப் போட்டால் மூச்சு முட்டுகிறது என்கிறாள். ஆக, தம்பி கொடுத்ததும் உதவவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

நேற்று அமாவாசை முடிந்தது. இன்று நவராத்திரி தொடக்கம். பட்சம்தான் போயிற்றே, இப்போது பிரிக்கலாமே என்று மரகதம் கேட்டாள். ஆயுத பூஜை என்று சொன்னால் ஆயுத பூஜைதான்.

அவள் சாப்பாடு எடுத்து வர வீட்டுக்குப் போயிருந்தபோது, பழைய இரும்பு நிறுக்கும் தராசில் பெட்டியைச் சும்மா வைத்துப் பார்த்தேன். அந்தத் தராசு ரொம்பப் பழசு. அதை நம்ப முடியாது. முள் சரியாக நிற்பதில்லை.

வெயில் அதிகம். சாப்பாடு இறங்கவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

காலையிலிருந்து போனை அணைத்து வைத்துவிட்டேன். பாட்டரிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று சொல்கிறார்கள்.

சாயங்காலம் மரகதம் கேட்டாள்: "ஏனுங்க, இன்னைக்குத்தான கடைசி நாளு?"

"எதுக்கு?"

அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து இருமினாள். வேண்டுமென்றே இருமுகிறாள் என்று சில சமயம் தோன்றுகிறது.

செப்டம்பர் 26, வெள்ளி

போனைப் போட்டேன். தனசேகரிடமிருந்து நான்கு மெசேஜ் இருந்தன. எல்லாவற்றையும் அழித்துவிட்டேன், இடத்தை அடைக்கிறது.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஆயுத பூஜை என்றால் பட்டறையில் உள்ள ஒவ்வொரு சாமானும் பளிச்சென்று இருக்க வேண்டும். ஸ்பேனர், சுத்தி, வைஸ், மூலையில் கிடக்கிற சங்கிலி வரைக்கும். துருவோடு ஒரு போல்ட்டைக்கூட சாமி முன்னால் வைக்கக் கூடாது. வருஷா வருஷம் மரகதம்தான் எல்லாவற்றையும் தேய்த்து எண்ணெய் போட்டு வரிசையாக வைப்பாள். இந்த வருஷம் லேத்தும் சேர்ந்துகொண்டது. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருக்கிறாள். எழுந்து நின்றதும் தூணைப் பிடித்துக்கொள்கிறாள். தலைமுடி, புருவம், காதுமடல் எல்லாம் செங்கல் நிறத்தில் இருக்கிறது.

நானும் கொஞ்சம் தேய்த்தேன். ஸ்பேனர் செட்டு. தோள்பட்டை விண்விண் என்றது.

"தம்பிகிட்ட அந்த லேத்த மட்டுமாச்சும் குடுத்தரலாங்க. என்னால முடியலீங்க" என்றாள் மத்தியானம். இவள் இப்படிச் சொல்கிற ஆளில்லை. கல்யாணமான நாளிலிருந்து முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. போனைக்கூடக் கையில் எடுத்தேன். அவன் நம்பரையும் தேடினேன். அப்புறம், இன்னும் மூன்று நாள்தானே என்று வைத்துவிட்டேன். இவ்வளவு தேய்த்தாயிற்று. பாதியில் கொண்டுபோய் அவனிடம் நிற்பதா?

"புதன்கிழமை பெட்டியப் பிரிச்சரலாம். அப்புறம் நீ பிரஷ்ஷையே தொட வேண்டாம், மகாராணி மாதிரி நாற்காலியில உக்காந்து லைட்டக் காட்டு" என்றேன்.

அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். என்ன பார்வையோ.

செப்டம்பர் 30, செவ்வாய்

பூசணிக்காய், வாழைக்கன்று, பொரி, கடலை, எலுமிச்சம்பழம், செவ்வந்திப் பூ எல்லாம் வாங்கியாயிற்று. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எல்லோரையும் அழைத்தேன். பழைய பார்ட்டிகள் பதினைந்து பேருக்குப் போன் போட்டேன். இவ்வளவு பேரை எந்த வருஷமும் அழைத்ததில்லை. லேத்தில் கடைசி இரண்டடியை மட்டும் தேய்க்காமல் விடச் சொல்லியிருக்கிறேன், மெஷினை ஓட்டிக் காட்டுவதற்கு.

எதற்கு இத்தனை பேரை அழைத்தேன் என்று இப்போது யோசனையாக இருக்கிறது.

அக்டோபர் 1, புதன்

எழுதத்தான் வேண்டுமா? எழுதிவிடுகிறேன்.

பூஜை நன்றாகத்தான் நடந்தது. பட்டறை நிறையக் கூட்டம். குமரேசன் தன் பெண்டாட்டியோடு வந்திருந்தான். சுண்டல் தீர்ந்து மறுபடி வாங்கிவரச் சொன்னேன். கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டேன். எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"வா மாப்ள, உன்ற கையால பிரி" என்று தனசேகரைக் கூப்பிட்டேன்.

"நீங்களே பிரிங்க மாமா. கூட்டத்துல வேண்டாமுங்க" என்று மெதுவாகச் சொன்னான். என் மானத்தைக் காப்பாற்றுகிறானாம். எனக்கு அதுதான் ஏறியது. "பயப்படறியா?" என்று எல்லோரும் கேட்கும்படி கேட்டேன். பிரித்தான்.

உள்ளே நிறையக் காகிதம். அதற்குள் பேனா அளவுக்கு ஒரு டார்ச், ஒரு கறுப்புக் கண்ணாடி, மரப்பிடி போட்ட ஒரு கம்பி பிரஷ். வேறு எதுவும் இல்லை. தனசேகர் அட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்தும் பார்த்தான்.

நான் அந்த டார்ச்சை எடுத்தேன். அமுக்கினேன். சிவப்பாக ஒரு புள்ளி விழுந்தது. அதை லேத்தில் மீதி இருந்த துருவின் மேல் காட்டினேன். எவ்வளவு நேரம் காட்டினேன் என்று தெரியவில்லை. கையை எடுக்க முடியவில்லை. எடுத்தால் திரும்பிப் பார்க்க வேண்டுமே.

"அண்ணா, பேட்டரி புதுசாப் போட்டா வேலை செய்யுமோ என்னமோ" என்றான் குமரேசன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒருவர் ஆரம்பித்தால் போதுமே. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், சுண்டல் தொன்னையால் மூஞ்சியை மறைத்துக்கொண்டு சிரித்தார்கள். இருபத்தைந்து வருஷம் என் கையால் டீ வாங்கிக் குடித்தவர்கள்.

தனசேகர் மட்டும் சிரிக்கவில்லை. மரகதமும் சிரிக்கவில்லை.

நான் மரகதத்தைத்தான் பிடித்துக்கொண்டேன். "எல்லாம் உன்ற வாயி! பெட்டி வாசப்படி தாண்டறப்பவே எடையில்லைன்னு சொன்ன வாயி! அந்த வாய் வெளங்குமா?" என்று கத்தினேன். பொரித் தட்டு கையில் இருந்தது. வீசினேன். யார் மேலும் வீசவில்லை. அவள் அந்தப் பக்கம் நின்றிருந்தாள். தட்டு அலுமினியத் தட்டு, கனமே கிடையாது.

கூட்டம் கலைந்தது. அவள் விளக்குமாறு எடுத்துப் பொரியைக் கூட்ட ஆரம்பித்தாள். சாமிக்குப் படைத்த பொரி, யாரும் மிதித்துவிடக் கூடாதாம். கூட்டக் கூட இருமல் வந்தது. பிறகு கூட்டுவது நின்றது, இருமல் நிற்கவில்லை. லேத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலமாக இருந்தது. தனசேகர் "அக்கா, அக்கா" என்று கத்திக்கொண்டு அவளைத் தூக்கிக் காரில் போட்டான்.

நான் பட்டறையைப் பூட்ட வேண்டியிருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அப்படியே விட்டுவிட்டுப் போக முடியுமா? பிறகு ஆட்டோ பிடித்துப் போனேன்.

அக்டோபர் 2, வியாழன்

உள்ளே விடவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மூக்கிலும் வாயிலும் குழாய் வைத்திருக்கிறார்கள். தனசேகர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். நான் அந்தப் பக்கம் வேறு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அந்தக் கம்பெனி நம்பர் உபயோகத்தில் இல்லை. பக்கமும் திறக்கவில்லை. நாசமாய்ப் போவான்கள். அவன்கள் மட்டும் ஏமாற்றாமல் இருந்திருந்தால் இதெல்லாம் வந்திருக்குமா?

அக்டோபர் 3, வெள்ளி

நேற்றுக் காலையிலேயே குமரேசன் என்னிடம் சாவி வாங்கி லேத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். குறிச்சியில் தனசேகரின் ஆட்கள் ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டார்களாம். "அண்ணா, கோவிச்சுக்காதீங்க" என்று போன் செய்தான். நான் ஏன் கோவித்துக்கொள்ள வேண்டும்? ஏழு லட்சத்து மெஷின் அதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி.

அக்டோபர் 4, சனி

இன்று உள்ளே விட்டார்கள். மரகதம் கண்ணைத் திறந்திருந்தாள். ஆக்ஸிஜன் மூடி முகத்தில் பாதியை மறைத்திருந்தது. நெற்றியோரத்தில் ஒரு கீறல், பிளாஸ்திரி போட்டிருந்தார்கள். உட்கார்ந்தபோது லேத்தில் இடித்திருக்கும்.

பெரிய டாக்டர் வந்தார். சின்னப் பெண்தான், ஆனால் பேச்சில் வெட்டு. நுரையீரல் படத்தைக் காட்டினார். இந்த இடம் போய்விட்டது, இந்த இடமும் போய்விட்டது என்றார். போனது திரும்பாதாம். இனிமேல் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குமாம். வீட்டிலேயே ஆக்ஸிஜன் வைத்துக்கொள்ள வேண்டி வரலாமாம்.

"கடைசி ரெண்டு மூணு வாரம் நிறையத் தூசில இருந்திருக்காங்க. அதுதான் இப்படிக் கொண்டுவந்து விட்டிருக்கு. இவங்களுக்குத் தூசி ஆகாதுன்னு உங்களுக்கு யாருமே சொல்லலீங்களா?"

தனசேகர் வெளியே மருந்து வாங்கப் போயிருந்தான். அறையில் நாங்கள் மூன்று பேர்தான்.

"இல்லீங்க டாக்டர். எனக்கு எதுவும் தெரியாதுங்க" என்றேன்.

மரகதம் கையைத் தூக்கினாள். மூடியை முகத்திலிருந்து இழுத்துக் கீழே இறக்கினாள். டாக்டர் தடுக்கப் போனார்.

"தெரியுமுங்க டாக்டர்" என்றாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று மூச்சு வாங்கினாள். "அவருக்கு எல்லாம் தெரியுமுங்க."

பிறகு என்னைப் பார்த்தாள். "தராசுல வெச்சுப் பாத்தீங்கள்ல. சாப்பாட்டு டப்பாவ மறந்துட்டுப் போயிட்டேன்னு திரும்பி வந்தேன். வாசல்ல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன். முள்ளு நகரவே இல்ல. அன்னைக்கே தெரியும் உங்களுக்கு, உள்ள ஒண்ணுமில்லைன்னு. தெரிஞ்சுட்டே என்னை உக்காத்தி வெச்சுத் தேய்க்க விட்டீங்க."

"நீயும் பாத்தேல்ல, நீ ஏன் சொல்லல?" என்று கேட்டேன். வாயில் வேறு என்ன வரும்?

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள். "தெனமும் காலைல, இன்னைக்குச் சொல்லிருவாரு, தம்பிகிட்ட அனுப்பிரலாம்னு சொல்லிருவாருன்னு நெனச்சுட்டேதான் உக்காருவேன்."

டாக்டர் மூடியை மறுபடி மாட்டிவிட்டார். என்னை வெளியே இருக்கச் சொன்னார்.

நான் என்ன கொலையா செய்துவிட்டேன்? ஒரு பெட்டியைப் பிரிக்கவில்லை. அவ்வளவுதானே. மச்சினன் முன்னால் ஒருநாளாவது தலை நிமிர்ந்து நிற்கலாம் என்று ஒரு மனுஷன் நினைக்கக் கூடாதா? தராசு பழசு என்று நான் எழுதி வைத்திருக்கிறேன். பழசுதான்.

பழசாக இருந்தாலும் முள் கொஞ்சமாவது நகர்ந்திருக்க வேண்டும். அது எனக்குத் தெரியும்.

அக்டோபர் 7, செவ்வாய்

பட்டறையைத் திறக்கவில்லை. சோறு வைத்தேன், குழைந்துவிட்டது.

அக்டோபர் 10, வெள்ளி

இன்று மரகதத்தை அனுப்பிவிட்டார்கள். வீட்டைக் கூட்டி, கட்டிலில் விரிப்பு மாற்றி, அந்த ஆக்ஸிஜன் மெஷின் வைப்பதற்கு இடம் ஒழித்துவிட்டு, பதினோரு மணிக்கு ஆட்டோவோடு போய் நின்றேன். தனசேகரும் அவன் பெண்டாட்டியும் அவளை ஏற்கெனவே காரில் உட்கார வைத்திருந்தார்கள்.

"வீட்டுல எல்லாம் ஒழிச்சு வெச்சிருக்கேன்" என்றேன்.

அவள் கார் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள். "மாத்திர சாப்பிட்டீங்களா? பிரஷர் மாத்திர மேல் தட்டுல இருக்குது" என்றாள். அவ்வளவுதான். கோபமாகவும் சொல்லவில்லை. நாலு பேச்சுப் பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கார் போய்விட்டது. ஆட்டோக்காரர் "போலாமாண்ணா?" என்று கேட்டார். வெறும் வண்டியில் திரும்பி வந்தேன்.

கேட்கிறவர்களிடம், ஓய்வுக்காகத் தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்கிறேன். எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை, வேறு எங்கே போவாள்?

அக்டோபர் 13, திங்கள்

காலையில் தனசேகர் போன் செய்தான்.

"மாமா, அக்கா துணிமணியெல்லாம் எடுத்து வெக்கச் சொல்லுச்சுங்க. சாயங்காலம் நான் வந்து வாங்கிக்கறேன்."

"எத்தன நாளைக்கு வேணும்?"

பின்னால் அந்த லேசர் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"எல்லாத்தையுமேங்க மாமா."

ரொம்ப இருக்குமே என்று கடைக்குப் போய்ப் பெரிய பையாக ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். பீரோவைத் திறந்தேன். மேலே இரண்டு தட்டும் என் வேட்டி சட்டை. நடுத் தட்டில் பேரிங் பெட்டிகள், வைக்க வேறு இடமில்லாமல் எப்போதோ நான் வைத்தவை. அவள் துணி கடைசித் தட்டில் இருந்தது. கல்யாணச் சேலை ஒன்று, தனசேகர் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தவை இரண்டு, மீதியெல்லாம் பட்டறைக்குக் கட்டுகிற நூல் சேலைகள். அவற்றில் துருக்கறை. துவைத்தால் போகாது அது.

எல்லாவற்றையும் மடித்து வைத்தேன். பெரிய பை தேவைப்படவில்லை. சந்தைக்குக் காய் வாங்கக் கொண்டுபோகிற பையிலேயே அடங்கிவிட்டது.